பகலில் தூங்கும் அப்பா

மெர்சி மிஸ்ஸுக்கு அந்த ஆரம்பப் பள்ளியில் கொடுத்த ரூம், சத்துணவு மூட்டை அடுக்குகிற ரூம். ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் பருப்பு, ஜன்னலை மறைத்துக்கொண்டு முட்டை அட்டை. மிச்ச இடத்தில் ஒரு பாய், ரெண்டு நாற்காலி. கதவில் 'குழந்தைகள் மனநல ஆலோசனை மையம்' என்று போர்டு மாட்டினார்கள். போர்டு கதவைவிட அகலம். திறந்ததும் முதலில் ஒரு எலி ஓடும், அப்புறம்தான் ஆலோசனை.

பிள்ளைகள் போர்டையெல்லாம் படிக்கவில்லை. ரூமுக்கு மூட்டை ரூம் என்று பேர் வைத்தார்கள், அவளுக்கு மூட்டை மிஸ். ஆள் என்னவோ துடைப்பக்குச்சி மாதிரி இருப்பாள். பேர் நின்றுவிட்டது.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்ததும் போன் கம்பெனி லைனில் ஏறினாள். வேலை என்னவென்றால் கேட்பது. செய்து முடித்த போனைக் காதில் வைத்தால் உள்ளே ஒரு பெண் குரல் ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணும். தெளிவாக எண்ணினால் பாஸ், கரகரவென்றால் ரிஜெக்ட். வருஷக்கணக்கில் அதே குரல். அந்தப் பெண் யாரோ, உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் பிரசங்கம் பண்ணும்போதுகூட மெர்சியின் காதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பாள். ஷிஃப்டுக்கு நடுவே தபாலில் மனோதத்துவம் படித்து, வேலையை விட்டு, ஒரு டிரஸ்ட் மூலமாக இந்தப் பள்ளிக்கு வந்தாள். செவ்வாயும் வியாழனும். அவள் அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. அங்கேயும் உட்கார்ந்து கேட்டாய், இங்கேயும் உட்கார்ந்து கேட்கிறாய், இதுக்கு எதுக்குடி படிப்பு என்பாள்.

ஹெட்மாஸ்டர் சுப்பிரமணி சாரின் சந்தேகம் வேறு. அடிக்கவும் மாட்டீங்க, பாடமும் எடுக்க மாட்டீங்க, பேசியே சரி பண்ணிடுவீங்களா மேடம் என்று கேட்டார். பேசி இல்ல சார், பேச வெச்சு என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

பேச வைக்க அவளிடம் ஒரு வித்தை இருந்தது. லைனில் தூக்கிப்போட்ட ரெண்டு டம்மி போன். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிடுவாள். முகத்துக்குச் சொல்லாததை முதுகுக்குச் சொல்வார்கள். முடிந்ததும் ஒரு பிஸ்கட்.

பிஸ்கட் விஷயம் பரவியதும் பள்ளியில் துக்கம் பெருகிவிட்டது. மூன்றாம் வகுப்பு கவியா வாராவாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். தாத்தா செத்துட்டாராம். அடுத்த வாரம் இன்னொரு தாத்தா. அதற்கடுத்த வாரம் மழையிலும் ஒரு தாத்தாவைச் சாகடித்துவிட்டுத்தான் வந்தாள். மெர்சி எல்லாத் தாத்தாவுக்கும் முதுகைத் திருப்பி உட்கார்ந்து கேட்டாள், பிஸ்கட்டும் கொடுத்தாள். பொய் சொல்கிற பிள்ளையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. சொல்லாத பிள்ளைதான் கவலை.

அப்படி ஒன்று அதே வகுப்பில் இருந்தது. இசக்கிசெல்வி. தெற்கத்திப் பிள்ளை. அப்பா சுடலைக்கண்ணுவுக்கு ஒரகடத்தில் காருக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, அம்மா நாச்சியாருக்கு இன்னொரு கம்பெனி கேன்டீனில். அம்மை போட்டு லீவில் போன பிள்ளை, திரும்பி வந்தபோது வாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டது. டீச்சர் கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. பின்னால் யாராவது நோட்டைக் கீழே போட்டால் தூக்கிவாரிப்போடும். மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் ஆள் இருக்காது. வரிசையில் அவள் முட்டையை எப்போதும் வேறு யாரோ தின்றார்கள்.

டீச்சர் காத்து கருப்பு என்றார். சுப்பிரமணி சார் அறிவியல்காரர், அதெல்லாம் நம்ப மாட்டார். ஆனாலும் எதுக்கும் ஒரு தடவை மந்திரிச்சுட்டா நல்லது என்றார்.

கவியா வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். போனைக் காதில் வைத்தாள். இந்தத் தடவை தாத்தா யாரும் சாகவில்லை.

"மிஸ், செல்வி வூட்ல பேய் கீது."

கடைசி பீரியடைக் கட் அடித்துவிட்டுப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். பூட்டின வீடு. உள்ளே பாய் விரித்துக் கசங்கிக் கிடக்கிறது. கொடியில் ஆம்பளைத் துண்டு, சொட்டச் சொட்ட ஈரம். ஆள் மட்டும் இல்லை. மெர்சி திரும்பிப் பார்த்தாள். கவியா நிஜமாகவே பயந்திருந்தாள். பிஸ்கட்டைக்கூட மறந்துவிட்டுப் போனாள்.

மெர்சி நாச்சியாரை வரச்சொன்னாள். கேன்டீன் ஷிஃப்ட் முடிந்து, தலையில் மாட்டுகிற வலைத் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. பிள்ளையோட அப்பாவையும் ஒரு நாள் பார்க்கணும் என்று மெர்சி ஆரம்பித்தாள். நாச்சியார் அரிசி மூட்டையைப் பார்த்து, அவிய இல்லையே மிஸ் என்றாள்.

பிள்ளைக்கு அம்மை உச்சத்தில் இருந்தபோது, நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்த சுடலைக்கண்ணுவை ஒரு கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. ஸ்பாட்டிலேயே முடிந்துவிட்டது. வாசலில் வேப்பிலை செருகின வீடு. அம்மை இறங்காத வீட்டில் இருந்து ஒருத்தி சாவுக்குப் போய்விட்டுத் திரும்பி உள்ளே வரக் கூடாது என்று பக்கத்து ரூம்காரர்களே சொன்னார்கள், போனில் ஊரிலும் சொன்னார்கள். கொழுந்தன்மார் வந்து உடம்பை வாங்கி நேராகத் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். நாச்சியார் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தாள். அழவும் கூடாது. அழுதால் பிள்ளை ஏன் என்று கேட்கும்.

"அம்ம வெளையாடுத வீட்டுல சாவுச் சேதி சொல்லக் கூடாதுல்லா மிஸ்."

சரி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். முதல் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த தண்ணீருக்குத் தள்ளிப்போட்டாள். மூன்றாவது தண்ணீரும் முடிந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து அப்பா எங்கே என்று கேட்டது. நைட் ஷிஃப்ட் என்று வாயில் வந்துவிட்டது. காலையில் நீ பள்ளிக்கூடம் போன பிறகு வருவாவ, தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டு நீ வருமுன்னே போயிருவாவ, ஓவர்டைம் பார்க்காவ. ஞாயிற்றுக்கிழமை? அன்னைக்கு டபுள் ஓவர்டைம்.

வேறு ஊரில் இதை எந்தப் பிள்ளையும் நம்பாது. ஒரகடத்தில் நம்பும். அவர்கள் குடியிருந்த, ஒற்றை ரூம்களாக வரிசை கட்டின லைன் வீட்டில் பாதிப் பேர் பகலில் செத்த மாதிரி தூங்குகிறவர்கள். பக்கத்து ரூமில் யார் இருக்கிறார்கள் என்று செருப்பை வைத்துத்தான் தெரியும். அங்கே வளர்கிற பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே சத்தம் போடாதே, தூங்குறாங்க என்பதுதான். கூட இருப்பதெல்லாம் கல்யாணமாகாத பையன்கள். அவர்களும் பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

பொய்யை நிற்க வைக்க நாச்சியார் உழைத்தாள். ஷிஃப்ட் விட்டு வந்ததும் பாயை விரித்துப் படுத்துக் கசக்குவாள். அவன் துண்டை நனைத்துக் கொடியில் போட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போவாள். பிள்ளை வந்து பார்த்தால் அப்பா இப்போதான் கிளம்பின மாதிரி இருக்கும். காலையில் பிள்ளை கண் முன்னால், இது அப்பாவுக்கு என்று சோற்றையும் குழம்பையும் மூடி வைப்பாள். சாவி மீட்டர் பெட்டி மேலே. சோற்றை மட்டும் சாயங்காலம் நாய்க்குக் கொட்டுவதாகத்தான் ஏற்பாடு.

இங்கே நாச்சியார் நிறுத்தினாள். மூட்டைக்குப் பின்னால் எலி எதையோ பிறாண்டியது.

"சோறு காலியாவுது மிஸ். தட்டக் கழுவிக் கவுத்தியும் இருக்கு. அவிய எப்பவும் கழுவித்தான் வைப்பாவ."

மெர்சி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். மற்றதெல்லாம் இவள் செய்கிறாள், சரி. சோறு?

நாச்சியார் குரலை இறக்கிச் சொன்னாள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குழிக்குள் இறக்கினதைப் பார்க்கவில்லை. பார்க்காத ஒருத்தி எதை வைத்துச் செத்துவிட்டான் என்று சொல்வது? அவன் வருகிறான். அதனால் பிள்ளையிடம் சொன்னதும் பொய் இல்லை. நீங்க பிள்ளைகிட்ட வாயைத் திறந்தீங்கன்னா, அன்னைக்கே டிசி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருவேன் என்றாள். மிரட்டல் மாதிரி இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. மெர்சி சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது அவள் காதுக்குள் அந்தப் போன் பெண் எண்ணவில்லை. அதற்குப் பதில் யாரோ தட்டுக் கழுவுகிற சத்தம். மெர்சி கர்த்தரை விசுவாசிக்கிறவள், பேயை நம்பாதவள். இருந்தாலும் வீடு வரை வாய்க்குள் பாட்டுப் பாடிக்கொண்டே போனாள். வாக்கைக் காப்பாற்றினால் அந்தப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். மீறினால் ஒரே நாளில் கையை விட்டுப் போகும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்குப் பதில் போட்டிருக்கவில்லை.

வியாழக்கிழமை இசக்கிசெல்வியை மூட்டை ரூமுக்கு அனுப்பினார்கள். மெர்சி போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. வெளியே நான்காம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்தி முடித்து, இன்னொரு வாய்ப்பாடு தொடங்கியது. பிள்ளை அப்பாவுக்குப் போன் போடும், அப்போது என்ன செய்வது என்று மெர்சி யோசித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மிஸ்ஸுக்குத்தான் போட்டது. காதோடு காதாக, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

"அம்மாட்ட சொல்லிராதீங்க மிஸ். அப்பா வாரதில்ல."

சொல்ல மாட்டேன் என்றாள் மெர்சி, சுவரைப் பார்த்தபடியே. பிள்ளை மெல்ல மெல்லச் சொன்னது. அப்பா தூங்குவதையாவது ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று ஒரு மதியம் வீட்டுக்குப் போனாளாம். பாய் சுருட்டினபடி இருந்தது. மூடி வைத்த சோறு வைத்தபடி இருந்தது. மறுநாளும் அப்படியே. அப்பா எங்கேயோ போய்விட்டார். அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்தால் அழும். அதனால் மணி அடித்ததும் பள்ளிக்கூடச் சுவர் இடிந்த வழியாக ஓடி, சாவி எடுத்துத் திறந்து, அப்பா செருப்பை வாசலில் எடுத்துப் போட்டு, அப்பா சோற்றைத் தின்றுவிட்டு, அப்பா மாதிரியே தட்டைக் கழுவிக் கவுத்துவிட்டு ஓடி வருகிறாள். வயிறு வலித்தாலும் மிச்சம் வைப்பதில்லை.

மெர்சிக்கு மூச்சு வந்தது. பேய்க்கு எட்டு வயசு, யூனிஃபார்ம் போட்டிருக்கிறது.

ஆனால் பிள்ளை இன்னும் போனைக் கீழே வைக்கவில்லை.

"மிஸ். சாயந்தரம் வந்தா துண்டு ஈரமா கெடக்கு. பாயில யாரோ படுத்திருக்காவ. அப்பா இல்ல மிஸ். வேற யாரோ."

அதனால்தான் சத்தம் போடுவதில்லையாம். போட்டால் அது முழித்துக்கொள்ளும்.

மெர்சி போன் கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு அறை. அதில் அம்மா பிள்ளைக்குப் பேயாக இருக்கிறாள், பிள்ளை அம்மாவுக்குப் பேயாக இருக்கிறது. ரெண்டு பேரும் ஒருத்தர் அழக் கூடாது என்று இன்னொருத்தர் செய்கிற வேலை. ரெண்டு பேரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பவள் இவள் ஒருத்திதான். யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. காட்டத்தான் முடியும்.

காட்ட வேண்டுமென்றால் மதியம் நாச்சியார் வீட்டில் இருக்க வேண்டும். மதியம்தான் கேன்டீனில் ஆயிரம் தட்டு விழுகிற நேரம். சூப்பர்வைசர் கண்ணப்பன், காய்ச்சலுக்கே மாத்திரை கொடுத்து நிற்க வைக்கிற ஆள் என்று நாச்சியார் சொல்லியிருந்தாள். மெர்சி வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். எனவே தெரிந்தவளிடம் போனாள்.

"கவியா, அவசரமா லீவு வேணும்னா யாரைச் சாவடிக்கணும்?"

கவியா சந்தேகமாகப் பார்த்தாள். பொறியா என்று யோசித்தாள். அப்புறம் தொழில் ரகசியத்தைக் கொடுத்தாள். தாத்தாதான் மிஸ். மாமான்னா எந்த மாமான்னு கேப்பாங்க. சொல்லும்போது நடுவுல நிறுத்தி மூக்க உறிஞ்சணும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெர்சி கேன்டீனுக்குப் போன் போட்டு, நாச்சியாரின் மாமனார் தவறிவிட்டார் என்று சொன்னாள். மூக்கையும் உறிஞ்சினாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. நாச்சியாரின் மாமனார், அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தவர். செத்தவர் மறுபடி செத்தார் என்று சூப்பர்வைசர் வந்து சொன்னதும், நாச்சியாருக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. பிள்ளைக்குத்தான் என்னவோ என்று, காய்கறி இறக்க வந்த டெம்போவில் ஏறி, வலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து இறங்கினாள். லைன் வீட்டு முனையில் மெர்சி நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் அவனுடைய செருப்பு. கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே தட்டில் கை உரசுகிற சத்தம்.

நாச்சியார் முகம் மாறியதை மெர்சி பார்த்தாள். அது பயம் இல்லை. கல்யாணப் பெண் முகம் மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றி முடியை ஒதுக்கினாள். இவளை ஏன் கூட்டி வந்தோம் என்று அந்த ஒரு நொடியில் மெர்சிக்குத் தோன்றியது. தடுக்கலாமா என்று நினைப்பதற்குள் நாச்சியார் கதவைத் தள்ளிவிட்டாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தட்டு தரையில் இடிக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிள்ளை வேக வேகமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

சுடலைக்கண்ணு நாச்சியாருக்கு அப்போதுதான் செத்தான். நின்ற இடத்திலேயே அவள் மடங்கி உட்கார்ந்தாள்.

பிள்ளை எழுந்து தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தது. வாய் நிறையச் சோறு. விழுங்கிவிட்டுச் சொன்னது, "அப்பா இப்பத்தாம்மா போனாவ. பசிக்கலன்னு பாதிய வச்சிட்டாவ. அதான் நான்."

நாச்சியார் கையை நீட்டினாள். பிள்ளை வரவில்லை.

"அப்பா வரல செல்வி."

"வந்தாவம்மா."

"வரல. இனியும் வர மாட்டாவ. நீ அம்மையில கெடக்கையில அப்பா செத்துட்டாவ. நாந்தான் சொல்லல."

மெர்சி வாசல்படியைத் தாண்டவில்லை. உள்ளே அவளுக்கு வேலை இல்லை. பிள்ளை கொடியைப் பார்த்தது. துண்டு காய்ந்து விறைப்பாகத் தொங்கியது. அதை நனைக்கிற நேரம் இன்னும் ஆகவில்லை.

"அப்ப துண்ட நனைக்கது யாரு?"

"நாந்தாம்ட்டி."

"பாயில படுக்கது?"

"நாந்தான்."

அதற்கப்புறம்தான் பிள்ளை கத்தியது. அம்மை வந்ததிலிருந்து சேர்த்து வைத்த சத்தம் முழுவதும் ஒன்றாக வந்தது. தட்டு விழுந்து உருண்டது. பகலில் அந்த லைனில் யாரும் அப்படிச் சத்தம் கேட்டதில்லை. பக்கத்து ரூம் கதவு படாரென்று திறந்தது. வானமாமலை, நைட் ஷிஃப்ட் பையன், லுங்கியை இறுக்கிக்கொண்டு திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி வந்தான். வாசலில் நிற்கிற மெர்சியைப் பார்த்தான், உள்ளே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிற ரெண்டு பேரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். மற்றக் கதவுகள் திறக்கவே இல்லை. உள்ளே எல்லோரும் முழித்துக்கொண்டு படுத்திருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

வியாழக்கிழமை மெர்சி பள்ளிக்குள் நுழைந்ததும், நாச்சியார் டிசி வாங்கிப் போயிருப்பாளோ என்று நேராக ஹெட்மாஸ்டரிடம்தான் போனாள். ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார் சுப்பிரமணி சார். டிசி கேட்கலையா என்றாள். இல்லை, லீவ்தான், அப்பாவைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம் என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மந்திரிக்கிற பேச்சை எடுக்கவில்லை.

கவியா மூட்டை ரூமுக்கு வந்தாள். இன்னிக்கு யாரு என்றாள் மெர்சி. யாரும் சாவல மிஸ், சும்மாதான் என்று பாயில் உட்கார்ந்துகொண்டாள். செல்வி வந்தா என் பக்கத்துல உக்கார வைக்கச் சொல்லுங்க மிஸ் என்றாள்.

அவர்கள் திரும்பி வந்த சனிக்கிழமை மெர்சி பார்க்கப் போனாள். நாச்சியார் நெற்றியில் பொட்டு இல்லை. ஆள் பாதியாகியிருந்தாள். ஆனால் கண் வேறு எங்கேயும் போகாமல் எதிரில் இருப்பவரைப் பார்த்தது. மெர்சி உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டாள். காலையில் கை தானாக மூணு ஆளுக்கு அரிசி போட்டுடுது மிஸ், வேற ஒன்னுமில்ல என்றாள். இன்னும் சில சமயம் கதவைத் திறக்கும்போது வாசலில் ஒரு நொடி நிற்கிறாளாம், உள்ளே சத்தம் கேட்குதா என்று.

அந்தத் துண்டைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெளிக்கொடியில் போட்டிருந்தார்கள். பிள்ளை அதன் கீழேயே நின்றது. போய் ஒரு ஓரத்தைத் தொட்டுப் பார்க்கும், திரும்பி வரும், மறுபடி போய் இன்னொரு ஓரத்தைத் தொடும். கூடவே இருந்து பார்த்துக்கொண்டால்தான் நம்பிக்கை போல. வெயில் சுள்ளென்று அடித்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து லைன் முழுவதும் கேட்கிற மாதிரி கத்தியது.

"எம்மா, காஞ்சிட்டு."

பக்கத்து ரூமுக்குள்ளிருந்து வானமாமலை, தூக்கம் கலைந்த எரிச்சலில், ஏ பிள்ள சத்தம் போடாத என்று திட்டினான். பிள்ளை துண்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சரிண்ணே என்று அதைவிடச் சத்தமாகச் சொன்னது.